ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்

போளூரிலிருந்து அத்திமூர் வழியாக மலையேறும் பேருந்தில் ஒரு ஜனவரி மாதம் ஜவ்வாது மலையில் உள்ள ஜமுனாமரத்தூருக்குப் போனேன். அங்கிருந்து உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். அதன் தொடக்கப் பள்ளியில், நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து உட்கார்ந்திருந்த அறையின் கடைசி வரிசையில் எனக்கும் இடம் கிடைத்தது. கரும்பலகையில் 52 – 27 என்று எழுதியிருந்தது. ஒரு பையன் எழுந்து போய் சாக்பீஸை வாங்கி, கொஞ்சமும் தயங்காமல் 35 என்று போட்டான்.

'தப்பு, போய் உட்காரு' என்று சொல்லியிருந்தால் விஷயம் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆசிரியர் அப்படிச் சொல்லவில்லை.

"எப்படிடா போட்ட?"

"ரெண்டுல ஏழு போவாது சார். அதான் ஏழுல ரெண்டக் கழிச்சேன், அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு."

ஆசிரியர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்தார். உள்ளே தீப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பத்துப் புளியங்கொட்டை. ஐந்து பெட்டிகளையும் இரண்டு உதிரிக் கொட்டைகளையும் பையன் கையில் கொடுத்து, "எனக்கு இருபத்தேழு குடு" என்றார். அவன் இரண்டு பெட்டிகளை உடனே நீட்டினான். இன்னும் ஏழு வேண்டும். உள்ளங்கையில் இருப்பதோ இரண்டு. கையைப் பார்த்தான், மீதிப் பெட்டிகளைப் பார்த்தான், பிறகு ஆசிரியரைப் பார்த்தான்.

"ஒரு பெட்டிய ஒடைக்கலாமா சார்?"

கடன் வாங்கிக் கழித்தல் என்று பாடப்புத்தகம் சொல்வதை இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை. இரண்டு பெட்டியும் ஐந்து கொட்டையும் மிஞ்சின. யாரும் சொல்லாமலே பையன் திரும்பிப் போய் 35ஐ உள்ளங்கையால் அழித்துவிட்டு 25 என்று எழுதினான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம் ஆகியிருந்தது. அதுவரை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் எழுதுவதை விட்டுவிட்டுத் தீப்பெட்டியை வேடிக்கை பார்த்தார்கள்.

பையனின் தவறு உலகப் பிரசித்தம். 1970களில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பிள்ளைகள் கணக்கில் செய்யும் பிழைகளை ஆராய ஒரு கணினி நிரல் எழுதினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பக்கி'. நம் ஊரில் அது என்னவாக ஒலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஆய்வு காட்டியது இது: கழித்தலில் பிள்ளைகள் கண்டபடி தவறு செய்வதில்லை, ஒரு தவறான விதியை ஒழுங்காக, விடாமல் பின்பற்றுகிறார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது, அது மேலே இருந்தாலும் சரி, கீழே இருந்தாலும் சரி என்பது அந்த விதிகளில் மிகப் பரவலான ஒன்று. கலிபோர்னியாவிலும் ஜவ்வாது மலையிலும் ஒரே விதிதான். இப்படித் தவறு செய்கிற பிள்ளை சோம்பேறி இல்லை. யோசித்துத்தான் தவறு செய்கிறது. அந்த யோசனை எந்த இடத்தில் தடம் மாறியது என்று தேடிப் போவதைத்தான் இந்த அத்தியாயத்தில் ஆசிரியரின் உழைப்பு என்று சொல்லப் போகிறேன்.

சர்க்காருக்கு இந்த உழைப்பை அளக்கத் தெரியாது. அதற்கு அளக்கத் தெரிந்தது வருகை. 2003இல் இந்தியாவின் 20 மாநிலங்களில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பில்லாமல் ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது, நாலு ஆசிரியர்களில் ஒருவர் பள்ளியில் இல்லை; பாதிப் பேர் மட்டுமே அந்த நேரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கு வெளியானதிலிருந்து 'வாத்தியார் வருவதில்லை' என்பது ஊர் வசனமாகிவிட்டது. 2017இல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை 619 பள்ளிகளில் எடுத்த கணக்கு வேறொன்றைச் சொன்னது. பள்ளியில் இல்லாத ஆசிரியர்களில் பெரும்பாலோர் முறைப்படி விடுப்பு எடுத்தவர்கள், அல்லது பயிற்சி, கூட்டம் என்று இலாகாவே அனுப்பி வைத்தவர்கள். காரணமே இல்லாமல் வராதவர்கள் மொத்த ஆசிரியர்களில் 2.5 சதவீதம் மட்டும். நான் போன பள்ளியிலும் அன்று ஓர் ஆசிரியர் இல்லை. கீழே பயிற்சிக்குப் போயிருந்தார்.

வருகையைக் கூட்டினால் படிப்பு கூடுமா? கூடும். ராஜஸ்தானில் உதய்பூர் பக்கம் சேவா மந்திர் என்ற அமைப்பு ஓராசிரியர் கற்றல் மையங்களை நடத்திவந்தது. அங்கே பொருளியலாளர் எஸ்தர் டஃப்லோவும் அவருடைய குழுவினரும் 2003இல் ஒரு சோதனை தொடங்கினார்கள். சில மையங்களில் ஆசிரியருக்கு ஒரு கேமரா கொடுக்கப்பட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு புகைப்படம் எடுக்க வேண்டும்; தேதியும் நேரமும் படத்திலேயே பதிவாகும், மாற்ற முடியாது. வேலை செய்த நாளுக்கு ஏற்பச் சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் கேமரா இல்லாத மையங்களில் 42 சதவீதம், கேமரா இருந்த மையங்களில் 21 சதவீதம். பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது. இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன நிபந்தனை: படத்தில் குறைந்தது எட்டுப் பிள்ளைகளாவது இருக்க வேண்டும். எதிரே உட்கார ஆள் இல்லாமல் ஆசிரியர் இல்லை என்பது அந்தக் கேமராவுக்கும் தெரிந்திருந்தது.

இதை ஆந்திரத்தில் நடந்த இன்னொரு சோதனையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2005 முதல் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திர கிராமப் பள்ளிகளில் அதை நடத்தினார்கள். பிள்ளைகளின் சராசரி மதிப்பெண் உயர உயர ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. அதுவும் ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக 3 சதவீத அளவுதான். இரண்டு ஆண்டில் கணக்கில் கிடைத்த முன்னேற்றத்தை இப்படிச் சொல்லலாம்: 100 பிள்ளைகளை மதிப்பெண்படி வரிசையாக நிறுத்தினால், நடுவில் நின்றவர் பத்துப் பேரைத் தாண்டி முன்னே வந்துவிடுகிறார். ஆசிரியர்களின் வருகை கூடியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வருகை அப்படியே இருந்தது. வராதவர் வராமலே இருந்தார். வந்தவர் வந்த நாளில் செய்தது மாறியது: கூடுதலாக வீட்டுப்பாடம், கூடுதலாக வகுப்புப் பயிற்சி, பள்ளி விட்ட பிறகு தனி வகுப்பு. ஆக, அறைக்குள் வந்து நிற்பது உழைப்பில் ஒரு பாதி. தீப்பெட்டியை எடுப்பது மறுபாதி.

இனி பிள்ளையின் பக்கம் வருவோம்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசினால் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாக்கியம் காதில் விழும்: "நாம என்ன பண்ணாலும் இதுங்களுக்கு ஆர்வமே இல்ல சார்." மலையில் மட்டுமல்ல, சென்னை மாநகராட்சிப் பள்ளியிலும் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். ஆர்வம் என்பது தலைமுடியின் நிறம்போலப் பிறப்பிலேயே அமைந்துவிட்ட ஒன்று என்ற நினைப்பு அதற்குள் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஜவ்வாது மலையின் காலண்டரைப் பாருங்கள். மலையாளிப் பழங்குடியினர் வாழும் மலை இது. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர், பேசுவது தமிழ். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் இவர்களே முதலிடம். 2011 கணக்கெடுப்பில் ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர். ஜவ்வாது மலையைத் தவிர ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை, சேர்வராயன் என்று பரவியிருக்கிறார்கள். மழைக்குச் சாமை விதைப்பு, மழை விட்டதும் அறுப்பு. தை பிறந்ததும் புளி. மரம் ஏறி உலுக்க ஒருவர், கீழே பொறுக்க நாலு பேர், ஓடு தட்டிக் கொட்டை எடுக்க வீடே உட்கார வேண்டும். ஆண்டுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய மாதங்களும் இவைதான். புளியும் முடிந்தால் அப்பாவும் அம்மாவும் கர்நாடகக் காப்பித் தோட்டத்துக்கோ திருப்பூருக்கோ கிளம்பிவிடுவார்கள். பிள்ளை பாட்டியிடம், இல்லையென்றால் உண்டு உறைவிடப் பள்ளி விடுதியில். சில சமயம் அவர்களோடேயே போய்விடும். மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து உட்காரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். கரும்பலகையில் எழுதியிருப்பது புரியாத பிள்ளை ஜன்னலைப் பார்க்கிறது. அதைப் பார்த்த ஆசிரியர் ஆர்வமில்லை என்று எழுதிவிடுகிறார்.

அதே 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம், பழங்குடிகளுக்கு 54.3. இந்த இடைவெளியை ஆர்வக் குறைவு என்று விளக்க முயல்பவர், பழங்குடிகளில் 26 சதவீதம் பேர் ஆர்வம் இல்லாமலே பிறந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும்.

பசியும் உண்டு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் முதலில் தொடங்கிய 1,545 பள்ளிகளில் மலைப்பகுதிப் பள்ளிகளும் இருந்தன. பத்து மணிக் கணக்கு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்கு ஊக்க உரையைவிட உப்புமா முக்கியம். இதை அறிவியல் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அறிவியல் சொல்லித் தெரிய வேண்டியது வேறொன்று இருக்கிறது. 1993இல் எலன் ஸ்கின்னர், மைக்கேல் பெல்மான்ட் என்ற இருவர் 144 பிள்ளைகளையும் அவர்களுடைய 14 ஆசிரியர்களையும் ஒரு பள்ளி ஆண்டு முழுக்கக் கவனித்தார்கள். பிள்ளை மீது ஆசிரியர் காட்டும் அக்கறை, பிள்ளையின் ஈடுபாட்டை ஆண்டு போகப் போகக் கூட்டியது. இது எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்த் திசையிலும் அதுவே நடந்தது. ஈடுபாட்டோடு உட்கார்ந்த பிள்ளைக்கு ஆசிரியர் மேலும் மேலும் கொடுத்தார். சோர்ந்து உட்கார்ந்த பிள்ளையிடம் அவர் பேச்சும் பொறுமையும் குறைந்தன. யார் மீதும் பழி போட முடியாத ஒரு சுழல் இது. ஆசிரியர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார், பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது, ஜூனில் தொடங்கிய ஒரு சின்ன வித்தியாசம் மார்ச்சில் பெரிய பள்ளமாகிவிடுகிறது. எல்லோருக்கும் ஒரே பாடம் நடத்தினேன் என்று ஆசிரியர் சத்தியம் செய்வார். அவர் பொய் சொல்லவில்லை. பாடம் ஒன்றுதான், அவர் பார்த்த முகங்கள்தான் வேறு.

இரு கை தட்டினால்தான் ஓசை என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்ததை மெக்சிகோவில் ஒருமுறை அளந்தே பார்த்தார்கள். 88 மேல்நிலைப் பள்ளிகள், பாடம் கணக்கு. ஒரு பிரிவில் மதிப்பெண்ணுக்கு ஏற்ப மாணவருக்கு மட்டும் பரிசுப் பணம். இன்னொன்றில் ஆசிரியருக்கு மட்டும். மூன்றாவதில் இருவருக்கும், பள்ளி நிர்வாகத்துக்கும். ஜெர் பெர்மனும் மற்ற மூன்று பொருளியலாளர்களும் 2015இல் வெளியிட்ட முடிவு இது: ஆசிரியருக்கு மட்டும் கொடுத்த பள்ளிகளில் பலன் ஏறக்குறைய எதுவுமில்லை. மாணவருக்கு மட்டும் கொடுத்த இடத்தில் நல்ல பலன். இருவருக்கும் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும்விட அதிகப் பலன். ஆசிரியரின் உழைப்பும் மாணவரின் உழைப்பும் கூட்டல் கணக்கில் சேர்வதாக இருந்தால், ஆசிரியர் பங்கு மட்டும் கூடிய இடத்திலும் விடை கொஞ்சமாவது கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. அது பெருக்கல் கணக்கு. ஒரு பக்கம் சுழியாக இருந்தால் மறுபக்கம் எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தும் பயனில்லை.

அப்படியானால் ஆந்திரத்தில் ஆசிரியருக்கு மட்டும் பணம் கொடுத்தபோது எப்படிப் பலன் கிடைத்தது? எனக்குத் தோன்றும் பதில் வயது. ஆந்திரப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகள். மெக்சிகோவில் பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள். எட்டு வயதுப் பிள்ளையின் ஆர்வம் பெரும்பாலும் ஆசிரியர் கையில் இருக்கிறது. தீப்பெட்டியைத் திறந்தால் போதும், அது எட்டிப் பார்க்கும். பதினாறு வயதில் அந்தச் சாவி மாணவனின் சட்டைப் பைக்குப் போய்விடுகிறது. படித்து என்ன ஆகப் போகிறது என்று அவன் கேட்கிறான். அதற்குப் பதில் வகுப்பறைக்குள் இல்லை. ஆகவே இரு கைகளில் எந்தக் கை முதலில் நீள வேண்டும் என்ற கேள்விக்கு, தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆசிரியரின் கைதான்.

பரிசுப் பணத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் கூட்டாளிகளும் ஒரு மழலைப் பள்ளியில், வண்ணப் பேனாவால் ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலரிடம் 'வரைந்தால் சான்றிதழ் தருவேன்' என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரையும் நேரம் மற்றவர்களுடையதில் பாதியாகக் குறைந்திருந்தது. ஏற்கெனவே இருக்கிற ஆசைக்குக் கூலி பேசினால் ஆசை வேலையாகிவிடுகிறது. புளியங்கொட்டைக்கு அந்த ஆபத்து இல்லை.

இப்போது 'படித்து என்ன ஆகப் போகிறது' என்ற பதினாறு வயதுக்காரனின் கேள்விக்கு வருவோம். 2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்படை 20 தமிழ்நாட்டுக்காரர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். மலையில் ஒரு பையன் எட்டாம் வகுப்போடு நின்று, மரம் வெட்டத் தரகரோடு லாரி ஏறுகிறான் என்றால், அவனும் ஒரு கணக்குப் போட்டுத்தான் ஏறுகிறான். கரும்பலகையில் 35 போட்ட பையன் மாதிரிதான் அவனும். விடை தவறாக இருக்கலாம், யோசிக்காமல் போட்டதில்லை. அவனுடைய கணக்கிலும் ஒரு எண் விடுபட்டிருக்கிறது. டொமினிகன் குடியரசில் பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் எட்டாம் வகுப்புப் பையன்களைக் கேட்டபோது, மேல்நிலைப் படிப்பை முடித்தால் கிடைக்கும் கூடுதல் வருமானத்தை அவர்கள் உண்மையைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். உண்மையான தொகையைச் சொன்னார். சொன்னது மட்டும்தான். அதற்கே பலர் கூடுதல் காலம் பள்ளியில் தங்கினார்கள். மிக ஏழை வீட்டுப் பையன்களிடம் மட்டும் அந்தத் தகவல் எதையும் மாற்றவில்லை. தெரிந்துகொண்டாலும் அவர்களால் முடியாது.

சொல்வது யார் என்பதும் கணக்கில் வருகிறது. மடகாஸ்கரில் ட்ராங் நுயன் செய்த ஆய்வில், படித்து முன்னேறிய ஒருவரைப் பள்ளிக்கு வரவழைத்துப் பேச வைத்தார்கள். ஏழை வீட்டில் பிறந்து வந்தவர் பேசியபோது ஏழைப் பிள்ளைகளின் மதிப்பெண் உயர்ந்தது. வசதியான வீட்டிலிருந்து வந்தவர் பேசியபோது ஒன்றும் நடக்கவில்லை.

ஜவ்வாது மலையில் அப்படி ஒரு பெயர் இப்போது இருக்கிறது. புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, குழந்தை பிறந்த இரண்டே நாளில் சென்னைக்குப் பயணப்பட்டு உரிமையியல் நீதிபதித் தேர்வு எழுதினார். 2024 பிப்ரவரியில் 23 வயதில் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தது. பள்ளிப் படிப்பு ஏலகிரி மலையில். முதலமைச்சர் வாழ்த்தினார், ஊர் மேளதாளத்தோடு வரவேற்றது. அவர் படத்தை எந்தப் பள்ளிச் சுவரில் மாட்டினாலும் நல்லது. ஆனால் படத்தைப் பார்த்து வரும் ஆசை ஒன்பதாம் வகுப்பில் வரும். அதற்குள் 52இலிருந்து 27ஐக் கழிக்கத் தெரியாமல் பிள்ளை ஐந்து ஆண்டு உட்கார்ந்திருந்தால், ஆசை வந்தும் என்ன செய்யும்?

மலையின் இன்னொரு பக்கத்தில், ஆலங்காயத்துக்கு அருகே காவலூரில், வேணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே 1986இல் அர்ப்பணிக்கப்பட்டது. 1988இல் அதே காவலூரிலிருந்து கண்டுபிடித்த ஒரு சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயரை வைத்தார்கள். எண் 4130. நான் அந்த வகுப்பில் இதைச் சொன்னபோது, 35 போட்ட பையன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அவுருக்குக் கணக்கு யாரு சார் சொல்லிக் குடுத்தா?"

ஆர்வமில்லாத பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை இது.

இனி ஒரு கழித்தல் கணக்கு பெரியவர்களுக்கு. கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் போதும். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அந்தப் பையனுக்குச் செலவான ஏழு நிமிடத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் செலவழித்தால், 60 பேருக்கு 420 நிமிடம். ஆசிரியர் ஒருவருக்கு மூன்றரை மணி நேரம், ஒரே ஒரு கணக்குக்கு. அதில் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பினால், மிச்சமிருப்பவருக்கு ஏழு மணி நேரம். பள்ளி நாளில் பாட நேரமே அவ்வளவு கிடையாது. அந்த இரண்டில் ஓர் இடம் காலியாகவே கிடந்தால் இதே கணக்கு நாள்தோறும். அப்படி மிஞ்சிய ஒருவரும் போளூரிலோ திருப்பத்தூரிலோ குடியிருந்தால், பேருந்து ஏறி இறங்கும் நேரத்தையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த இடமாறுதல் கலந்தாய்வில் மலைப் பள்ளிகளின் காலி இடங்களை முதலில் நிரப்புங்கள். அங்கே போகிறவருக்குத் தங்க ஒரு வீடு கொடுங்கள். தீப்பெட்டியையும் புளியங்கொட்டையையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.